பேட்டரி மாற்றியதும் ஆட்டோ விண்டோ வேலை செய்யவில்லை: ரீசெட் செய்வது எப்படி?

வெள்ளைப்புறா எழுதியது:

வணக்கம் நண்பர்களே. காரில் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதிது போட்டேன். வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் டிரைவர் பக்கக் கண்ணாடி முன்பு போல ஒரே இழுப்பில் மேலே ஏறுவதில்லை. சுவிட்சை இழுத்துப் பிடித்திருக்கும்வரை ஏறுகிறது, கையை எடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. சுவிட்சில் இருக்கும் சின்ன விளக்கும் விட்டு விட்டு மின்னுகிறது. மற்ற மூன்று கதவுகளுக்கு ஆட்டோ வசதி கிடையாது, அவை எப்போதும் போல இயங்குகின்றன. ஃபியூஸ் போய்விட்டதா? சுவிட்சை மாற்ற வேண்டியிருக்குமா?

---

பட்டறைவாசி எழுதியது:

ஃபியூஸ் போயிருந்தால் கண்ணாடி அசையவே அசையாது. சுவிட்சும் நன்றாகத்தான் இருக்கிறது, காசு செலவழிக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் இப்படித்தான் ஆகும். விளக்கு மின்னுவதே ‘எனக்கு ரீசெட் வேண்டும்’ என்று அது கேட்பதுதான்.

எல்லாக் கதவுகளையும் மூடுங்கள். இன்ஜினை ஓடவிட்டால் நல்லது, இல்லையென்றால் இக்னிஷனையாவது ஆன் செய்துகொள்ளுங்கள். கண்ணாடியைப் பாதிக்கு மேல் இறக்குங்கள். பிறகு சுவிட்சை இழுத்துப் பிடித்து முழுவதும் மேலே ஏற்றுங்கள். கண்ணாடி மூடியதும் கையை எடுத்துவிடாதீர்கள், இன்னும் சில வினாடிகள் அப்படியே இழுத்துப் பிடித்திருங்கள். அப்புறம் விட்டுவிட்டு ஆட்டோ வேலை செய்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு இது போதும். சில கார்களில் முறை கொஞ்சம் மாறும், கையேட்டில் பவர் விண்டோ பகுதியில் போட்டிருப்பார்கள்.

கண்ணாடி ஏறும்போது இடையில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

---

சுழல்விசை எழுதியது:

பட்டறைவாசி அண்ணன் சொன்ன முறை சரி. அது ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். காரணம் தெரிந்துவிட்டால் எந்தக் கம்பெனியின் முறையைப் படித்தாலும் குழப்பம் வராது.

ஆட்டோ விண்டோவுக்குக் கண்கள் கிடையாது. கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது என்று அது நேரடியாகப் பார்ப்பதில்லை. மோட்டாரின் அச்சில் ஒரு சின்ன காந்தம் இருக்கும், அதன் அருகில் காந்தப் புலத்தை உணரும் ஹால் சென்சார்கள் இருக்கும். மோட்டார் சுற்றும்போதெல்லாம் அவை மின்துடிப்புகளை அனுப்பும். அந்தத் துடிப்புகளை எண்ணித்தான் கண்ணாடி இவ்வளவு ஏறியிருக்கிறது என்று மாட்யூல் (கண்ணாடியைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்னணுப் பெட்டி) கணக்கு வைத்துக்கொள்கிறது. இருட்டில் படிகளை எண்ணிக்கொண்டே மாடி ஏறுவதைப் போல. இரண்டு சென்சார்களைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்திருந்தால், மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதும் தெரிந்துவிடும். சில கார்களில் ஹால் சென்சார் இருக்காது. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களை எண்ணியே அதே வேலையைச் செய்துவிடுவார்கள்.

பேட்டரியைக் கழற்றியதும் அந்தக் கணக்கு அழிந்துவிடுகிறது. மேல் விளிம்பு எங்கே என்று தெரியாத நிலையில், தானாக ஏறும் வசதியை மாட்யூல் நிறுத்தி வைத்துவிடும். இது பழுது இல்லை, பாதுகாப்புக்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இடையில் கை சிக்கினால் கண்ணாடி திரும்பி இறங்க வேண்டும். ஆனால் முழுவதும் மூடியதும் மேல் ரப்பரில் மோதி நிற்கும்போது திரும்பி இறங்கக் கூடாது. இரண்டிலும் மோட்டாருக்குத் தெரிவது ஒன்றுதான்: வேகம் குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது. எந்த உயரத்தில் அது நடந்தது என்பது தெரிந்தால்தான் கையா, ரப்பரா என்று பிரித்தறிய முடியும்.

ரீசெட்டின்போது நாம் சுவிட்சைப் பிடித்துக்கொண்டே இருக்கிறோம் அல்லவா? கண்ணாடி மேலே முட்டி மோட்டார் நின்றுவிட்டது, ஆனாலும் ஆள் கையை எடுக்கவில்லை. சரி, இதுதான் மேல் எல்லை என்று மாட்யூல் அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறது. சில கார்களில் முழுவதும் இறக்கி முழுவதும் ஏற்றச் சொல்வதற்குக் காரணம், வழி நெடுக எந்த இடத்தில் எவ்வளவு உராய்வு இருக்கிறது என்பதையும் அது சேர்த்துப் படித்துக்கொள்வதுதான்.

---

தாமரை எழுதியது:

ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகக் கூடாது. ரீசெட் செய்து முடிக்கும்வரை அந்தக் கண்ணாடிக்குக் கை சிக்கினால் திரும்பும் பாதுகாப்பு இருக்காது. குழந்தைகள் காருக்குள் இருக்கும்போது இந்த வேலையைச் செய்யாதீர்கள். பின்கதவுக் கண்ணாடியை முன்னால் உட்கார்ந்தபடி ரீசெட் செய்பவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று பிறகு சோதிக்க விரும்பினால் துண்டைத் தடிமனாகச் சுருட்டி வைத்துப் பாருங்கள். விரலை வைத்துப் பார்க்கவே கூடாது.

---

வெள்ளைப்புறா எழுதியது:

மிக்க நன்றி. அண்ணன் சொன்னபடி செய்தேன், விளக்கு மின்னுவது நின்றுவிட்டது, ஒரே இழுப்பில் கண்ணாடி ஏறுகிறது. ஆனால் இப்போது இன்னொன்று. சில சமயம் முக்கால்வாசி ஏறியதும் தானாகவே திரும்பிக் கீழே வந்துவிடுகிறது. குறுக்கே எதுவும் இல்லை. ரீசெட் சரியாகப் பதியவில்லையா? மறுபடியும் செய்ய வேண்டுமா?

---

பட்டறைவாசி எழுதியது:

ரீசெட் பதிந்துவிட்டது. பதியாவிட்டால் ஆட்டோவே வந்திருக்காது. இது வேறு கதை, பலரும் குழம்புவது இங்கேதான். கண்ணாடி திரும்பி வந்தால் உடனே ரீசெட், மறுபடி ரீசெட் என்று செய்துகொண்டே இருப்பார்கள். மோட்டார் சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு அதை நிறுத்திவிடும். அதைப் பார்த்து மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி மாற்றியும் விடுவார்கள். அப்படி நின்றால் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள், தானாக உயிர் வரும்.

உங்கள் கண்ணாடி ஏதோ ஓர் இடத்தில் இறுக்கமாக ஓடுகிறது. அந்த உராய்வைத் தடை என்று எண்ணி மாட்யூல் திருப்பி அனுப்புகிறது. முதலில் பார்க்க வேண்டியது கதவுச் சட்டத்துக்குள் கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளம். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். மண்ணும் தூசியும் சேர்ந்து அடியில் பசை மாதிரி படிந்திருக்கும். ஈரத் துணியை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் சுற்றி, பள்ளம் முழுக்க மேலும் கீழும் ஓட்டித் துடையுங்கள். துணி சுத்தமாக வரும்வரை செய்ய வேண்டும். அவசரப்படாதீர்கள், முன் மூலையும் பின் மூலையும்தான் அழுக்கு அதிகம் தங்கும் இடங்கள். நன்றாக உலர்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்து, கண்ணாடியை சில தடவை ஏற்றி இறக்குங்கள்.

இதைச் செய்து முடித்த பிறகு ஒரு முறை ரீசெட் செய்துவிடுங்கள். அழுக்கு இருந்தபோது படித்த உராய்வுக் கணக்கை விட, சுத்தமான பள்ளத்தில் படித்த கணக்கு நல்லது.

---

நெடுவழி எழுதியது:

இவ்வளவு வேலை எதற்கு? நான் கொஞ்சம் கிரீஸ் தடவுவேன், கண்ணாடி வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படியும் திரும்பி வந்தால், சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் மூடிவிடுகிறது. என் காரில் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

பட்டறைவாசி எழுதியது:

கிரீஸ் வேண்டாம் நண்பரே, இதைத் திட்டவட்டமாகவே சொல்கிறேன். முதல் சில வாரம் வழுக்கும். அதன் பிறகு வருகிற தூசியை எல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்ளும், பள்ளம் முன்பை விட மோசமாக அடைத்துக்கொள்ளும். பெட்ரோலிய எண்ணெய் கலந்தவை பட்டால் பல வகை ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். உப்பிய ரப்பர் கண்ணாடியை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சிலிக்கானில் அந்தத் தொல்லை இல்லை. அதையும் பெயின்ட் மேலும் முன்கண்ணாடி மேலும் படாமல் அடியுங்கள், வைப்பர் ஓடும் இடத்தில் பட்டால் மழையில் பார்வை மங்கும்.

கதவுக்குள்ளே கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் தண்டவாளத்துக்கு கிரீஸ் போடுவது வேறு விஷயம், அங்கே அது தேவைதான். வெளியே தெரிகிற ரப்பரில் போடக் கூடாது.

---

சுழல்விசை எழுதியது:

“சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் மூடிவிடுகிறது” என்று நெடுவழி எழுதியிருக்கிறார். பல கார்களில் அந்த வசதியை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி அடுத்தடுத்துத் திரும்பி வந்தால், உடனே மறுபடி இழுத்துப் பிடிப்பதன் மூலம் கட்டாயமாக மூடலாம். நள்ளிரவில் மழை பெய்கிறது, கண்ணாடி மூட மறுக்கிறது என்ற நேரத்துக்கான ஏற்பாடு அது. அப்போது கை சிக்கினால் திரும்பும் பாதுகாப்பு வேலை செய்யாது, அல்லது மிகக் குறைவாகவே செய்யும். தினமும் அப்படி மூடுவது என்றால், தினமும் பாதுகாப்பே இல்லாத கண்ணாடியை இயக்குகிறீர்கள் என்று பொருள்.

வெள்ளைப்புறா, இன்னொரு கேள்வி. சமீபத்தில் சன் ஃபிலிம் ஒட்டினீர்களா, அல்லது கதவுக்கு மேலே மழைத் தடுப்பு வைசர் பொருத்தினீர்களா? ஃபிலிமின் ஓரம் உரிந்து சுருண்டிருந்தால் பள்ளத்துக்குள் சிக்கும். வைசரை ரப்பர் பள்ளத்துக்குள் செருகிப் பொருத்தியிருந்தால் அது ரப்பரை அழுத்திப் பள்ளத்தைக் குறுக்கிவிடும். இரண்டிலும் கண்ணாடி மேல் கால்வாசியில்தான் தடுமாறும். நீங்கள் சொல்லும் அறிகுறியும் அதேதான்.

---

வெள்ளைப்புறா எழுதியது:

வைசர் இருக்கிறது! பள்ளத்துக்குள் செருகும் வகைதான். ஆனால் அது வந்து ரொம்ப காலம் ஆகிறது, இதுவரை தொல்லை கொடுத்ததில்லையே?

---

சுழல்விசை எழுதியது:

அதற்கும் காரணம் இருக்கிறது. பழைய கணக்கில் மாட்யூல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிய உராய்வுக்குப் பழகியிருக்கும். பல மாட்யூல்கள் ஒவ்வொரு ஓட்டத்திலும் தன் கணக்கைச் சற்றே திருத்திக்கொள்ளும். பேட்டரி கழற்றியதும் அந்தப் பழக்கம் எல்லாம் போய்விட்டது, இப்போது புதிதாக அளக்கிறது. வைசரின் உள்விளிம்பு தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அதைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள்.

---

மழைத்துளி எழுதியது:

இந்த இழையில் நானும் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ரீசெட் செய்தால் சரியாகிறது, ஆனால் சில நாளில் மறுபடி போய்விடுகிறது. பேட்டரியை யாரும் தொடவே இல்லை. டிரைவர் கதவு மட்டுமல்ல, நான்கு கதவுகளிலும் ஒரே நேரத்தில் போகிறது.

---

பட்டறைவாசி எழுதியது:

நான்கும் சேர்ந்து போகிறது என்று நீங்கள் சொன்னதே பாதிப் பதில் அம்மா. கதவுகளில் கோளாறு இல்லை, பொதுவாக மின்சாரம் வரும் இடத்தில் கோளாறு. காலையில் முதல் ஸ்டார்ட்டின்போது ஸ்டார்ட்டர் மோட்டார் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் அதலபாதாளத்துக்கு இறங்கி, மாட்யூல்கள் நினைவை இழந்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 அளவுக்கு வந்தால் பாதி சார்ஜ்தான். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்டும். வோல்டேஜ் சரியாக இருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள், லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பேட்டரியைச் சோதிப்பது) செய்யச் சொல்லுங்கள். டெர்மினல் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, பாடிக்குப் போகும் எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒரே ஒரு கதவில் மட்டும் அடிக்கடி நினைவு போனால் அது வேறு. கதவுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்கும், அதற்குள் வயர்கள் போகும். கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி அந்த வயர்கள் உள்ளுக்குள் முறிந்துவிடும். கதவு ஒரு கோணத்தில் இருக்கும்போது வேலை செய்யும், வேறு கோணத்தில் செய்யாது. அதுதான் அடையாளம்.

---

தென்றல் எழுதியது:

கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறுவதால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஹோண்டாவின் பல மாடல்களில் கண்ணாடியை முதலில் முழுவதும் இறக்கிவிட்டு, அப்புறம் இழுத்து முழுவதும் மூடி, மூடிய பிறகு 2 வினாடி பிடித்திருக்கச் சொல்வார்கள். நிசானில் பாதிக்கு மேல் இறக்கிவிட்டு மூடி, மூடிய பிறகு 3 வினாடிக்கு மேல் பிடிக்க வேண்டும். ஃபோக்ஸ்வேகனில் மூடியதும் ஒரு வினாடி பிடித்து, விட்டு, உடனே இரண்டாவது முறையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டாவது இழுப்பை விட்டுவிட்டுத்தான் பலரும் வேலை செய்யவில்லை என்பார்கள். ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் கையேடு சொல்வதே இறுதி.

இன்னொன்று: நான்கு கதவுக்கும் ஆட்டோ இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சில கார்களில் அந்தந்தக் கதவில் உள்ள சுவிட்சில்தான் செய்ய முடியும், டிரைவர் பக்கத்தில் இருந்து செய்தால் ஏற்காது. அப்படிச் செய்யும்போது டிரைவர் கதவில் உள்ள விண்டோ லாக்கை ஆஃப் செய்ய மறக்காதீர்கள்.

---

கார்முகில் எழுதியது:

மேல் சட்டம் இல்லாத கதவு உள்ள கூபே, கன்வெர்டிபிள் வைத்திருப்பவர்கள் பேட்டரியைத் தொடும் முன் இதைப் படியுங்கள். அந்த வண்டிகளில் கதவுப் பிடியை இழுத்ததும் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கும், கதவு மூடியதும் மேலேறி ரப்பருக்குள் பொருந்தும். பேட்டரி இல்லாதபோது அது இறங்காது. கண்ணாடி மேலே இருக்கும் நிலையில் கதவை அறைந்து மூடினால் ரப்பர் கிழியலாம், கண்ணாடியே உடையலாம். கழற்றும் முன்பே கண்ணாடியைச் சில விரற்கடை இறக்கி வைத்துவிடுங்கள். புதிய பேட்டரி போட்டு ரீசெட் முடியும்வரை கதவை மெதுவாகக் கையாளுங்கள்.

ஓபிடி போர்ட் (பட்டறையில் கோளாறு பார்க்கும் கருவியைச் செருகும் இடம்) வழியாக வேறொரு பேட்டரியில் இருந்து மின்சாரம் கொடுத்து நினைவைக் காக்கும் கருவிகளும் இருக்கின்றன. அதைப் பயன்படுத்தினால் கழற்றிய பாசிட்டிவ் கேபிளில் மின்சாரம் உயிரோடுதான் இருக்கும். அதன் முனை எந்த உலோகத்திலும் படாதபடி துணியோ ரப்பரோ சுற்றி வையுங்கள்.

---

நெடுவழி எழுதியது:

கிரீஸ் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன் பட்டறைவாசி. பள்ளத்தைத் துடைத்துவிடுகிறேன். வேறு ஒரு சந்தேகம். வீட்டில் உள்ள இன்னொரு வண்டியில் ஆட்டோ டவுன் மட்டும்தான், ஆட்டோ அப் இல்லை. வெளியில் ஒரு சின்ன மாட்யூல் வாங்கி இணைத்தால் நான்கு கண்ணாடியும் ஒரே தட்டில் மூடும் என்கிறார்கள். போடலாமா?

---

தாமரை எழுதியது:

தயவுசெய்து யோசித்துப் போடுங்கள். ஆட்டோ டவுன் மட்டும் கொடுத்து ஆட்டோ அப் கொடுக்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. இறங்கும் கண்ணாடியை விட ஏறும் கண்ணாடிதான் ஆபத்து. தானாக ஏற வேண்டும் என்றால் சென்சாரும் திரும்பும் ஏற்பாடும் கூடவே வேண்டும், அதற்குச் செலவு ஆகும்.

ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் இரண்டிலும், திரும்பும் ஏற்பாடு கட்டாயமாக உள்ள கண்ணாடிக்குக் குறுக்கே ஏதாவது வந்தால் 100 நியூட்டன் விசையைத் தாண்டும் முன் அது திரும்பிவிட வேண்டும். ஏறக்குறைய 10 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் அது. அதுவே குறைவான விசை இல்லை. 4 மில்லிமீட்டரில் இருந்து 200 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளிக்கு இந்தக் கட்டுப்பாடு உண்டு. திரும்பும் ஏற்பாடு இல்லாத மோட்டார் அதைவிட மிக அதிகமாக அழுத்தும். சுவிட்சை அழுத்தினால் இறங்குவது, இழுத்தால் ஏறுவது என்று வைத்ததும் குழந்தைகளுக்காகத்தான். கதவில் முழங்கால் ஊன்றித் தலையை வெளியே நீட்டும் குழந்தை தெரியாமல் சுவிட்சை மிதித்துவிடும். அமெரிக்காவில் அப்படி உயிர்கள் போன பிறகுதான் 2010-ல் இருந்து இழுத்து மூடும் சுவிட்சைக் கட்டாயமாக்கினார்கள்.

வெளியில் கிடைக்கும் மாட்யூல்களில் பல, மின்னோட்டம் கூடினால் மோட்டாரை நிறுத்துவதோடு சரி, கண்ணாடியைத் திருப்பி இறக்காது. சிக்கிய கை சிக்கியபடியே இருக்கும். அதிலும் சில, காரைப் பூட்டியதும் தானாக எல்லாக் கண்ணாடியையும் ஏற்றும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் போடவே மாட்டேன்.

---

நெடுவழி எழுதியது:

குழந்தைகள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

---

மழைத்துளி எழுதியது:

லோடு டெஸ்ட் செய்தார்கள். பேட்டரி தளர்ந்துவிட்டது என்றே காட்டியது, கூடவே எர்த் வயரும் தளர்ந்திருந்தது. இரண்டையும் சரிசெய்து நான்கு கதவுக்கும் ரீசெட் செய்திருக்கிறேன். மறுபடி போனால் இங்கே எழுதுகிறேன். நன்றி.

---

வெள்ளைப்புறா எழுதியது:

வைசரைக் கழற்றினேன். உள்விளிம்பில் ஒட்டு விட்டு ஒரு பக்கம் பள்ளத்துக்குள் சரிந்திருந்தது. அதற்கு அடியில் அழுக்கு கெட்டியாக இருந்தது. துடைத்து, சிலிக்கான் அடித்து, முழுவதும் இறக்கி முழுவதும் ஏற்றி ரீசெட் செய்தேன். இப்போது ஒரே சீராக ஏறுகிறது. துண்டைச் சுருட்டி வைத்தும் பார்த்தேன், தொட்டதும் திரும்பி இறங்கிவிட்டது.

கடைசியாக ஒன்று: சன்ரூஃபும் ஒரே தட்டில் மூடுவதில்லை. இதே ரீசெட்டில் அதுவும் சேர்ந்து சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

---

பட்டறைவாசி எழுதியது:

சேராது, அதற்குத் தனி மாட்யூல், தனி ரீசெட். பொதுவாக மூடும் பட்டனை அழுத்திப் பிடித்தால், மூடி, சாய்ந்து, திறந்து, மறுபடி மூடி ஒரு சுற்று வந்து நிற்கும். அந்தச் சுற்று முடியும்வரை கையை எடுக்கக் கூடாது. நேரமும் வரிசையும் மாடலுக்கு மாடல் மாறும். ஓடும் தடத்தில் இலை, மண் இருந்தால் முதலில் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள். கார் மாடலையும் ஆண்டையும் எழுதுங்கள், அதற்கு எது முறை என்று பார்த்துச் சொல்கிறேன்.